மஞ்சள் புள்ளி வைத்த நட்டுகள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் திறந்துகொள்ளும். பயம் வந்தால் மூடிக்கொள்ளும். முதலாவது ஊருக்கே தெரியும். இரண்டாவது எனக்கே தெரியாமல் இருந்தது, ஏனென்றால் நாற்பத்தாறு வயது வரைக்கும் அப்படியொரு பயம் வந்ததில்லை. வந்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ரவுண்டானாவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னல், மேஜை, குளியலறைத் தடுப்பு, எதுவானாலும் அளவெடுத்து அறுத்துக் கொண்டுபோய் இறக்குவோம். வீட்டுக்காரர் அறுப்பார், நான் ஓட்டுவேன். கல்யாணமான புதிதில் அவர்தான் ஓட்டினார். மூன்று மாதத்தில் இரண்டு கேட்டையும் ஒரு தபால்பெட்டியையும் இடித்துத் தள்ளிய பிறகு, "நீ வேணா ஓட்டிப் பாரேன்" என்று சாவியை நீட்டினார். வாங்கியவள்தான், பதினெட்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் புது இடத்தில் போய் இறங்கினால், "டிரைவர் எங்கம்மா?" என்று என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். "வருவாரு, அதுவரைக்கும் நீங்க இந்த முனையப் பிடிங்க" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவேன்.

வண்டி ஒரு சின்ன டிரக். பின்னால் கூடாரம் போலச் சாய்ந்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்திக் கட்டுவோம். கண்ணாடி படுத்தால் உடையும், நின்றால்தான் பிழைக்கும். அதனால் எங்கள் பாரமெல்லாம் உயரத்தில் இருக்கிறது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில்தான் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, போனால் போகிறதென்று நிமிரும்.

அன்றைக்கு ரவுண்டானாவில் பாதி வளைவில் இருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் சொருகிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர்காரன் குறுக்கே வந்தான். ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி சாய்ந்தது, நிற்காமல் சாய்ந்துகொண்டே போனது. உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதை உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தேன். ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு தொப்பென்று இறங்கியது. கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. ஸ்கூட்டர்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

வேறொரு நாளாக இருந்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் வரவழைத்து விசாரித்திருப்பேன். அன்றைக்கு வாயே வரவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக இரண்டே வழிதான். ரவுண்டானா வழி பத்துப் பன்னிரண்டு நிமிஷம். கேட் வழி, கேட் திறந்திருந்தால் முக்கால் மணி, மூடியிருந்தால் அது ஆண்டவன் இஷ்டம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் நான் எதைச் சொன்னாலும் நம்புகிற ஜாதி. ஒரு வாரம் கழித்து அவரே ஒரு அளவெடுக்க ஆட்டோவில் அந்த வழியாகப் போய்விட்டு வந்து, "ரோடு நல்லாத்தானே இருக்கு" என்றார். அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

"வண்டி ரொம்ப சாயுதுங்க. வளைவுல திருப்பவே யோசனையா இருக்கு" என்றேன். சக்கரம் தூக்கியதைச் சொல்லவில்லை. வாய் மூடிக்கொண்டதையும் சொல்லவில்லை. கவிழ்ந்துவிடுவேன் என்பதைவிட, இனிமேல் ஓட்ட முடியாமல் போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயம். எனக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான். கடையில் உட்கார்ந்து போனுக்குப் பதில் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தால் வாடிக்கையாளர் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள்.

"அவ்வளவுதானே. மச்சான்கிட்ட விட்டா முடிச்சுடுவான்" என்றார் அவர்.

மச்சான் என்பது என் தம்பி. லாரிப் பட்டறையில் பெரிய மெக்கானிக். வாழ்நாளில் முக்கால்வாசியைப் பதினாறு சக்கர லாரிகளுக்கு அடியில் படுத்தே கழித்தவன், மீதியை அதைப் பற்றிப் பேசிக் கழித்தவன். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரு மூலையில் ஏறி நின்று இரண்டு குதி குதித்தான். வண்டி அவன் இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது வண்டியா தொட்டிலா? பழைய ஸ்பிரிங் உடையல, ஒண்ணும் ஆகல, ஆனா சும்மா தளர்ந்து போச்சு. பட்டை ஸ்பிரிங் புதுசா போடுவோம். ஷாக் அப்சார்பர் நல்ல கேஸ் நெரப்புனது போடுவோம். சாயாம பிடிக்கிற தண்டு இருக்கு பாரு, அதுல தடிமனா ஒண்ணு. போல்ட்டச் சுத்தி இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் புதுசு. அப்புறம் பாரு, கார் மாதிரி ஓடும்."

"நிஜமா ஓடுமாடா?"

"ஓடலன்னா என் மீசைய எடுத்துடறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அவனும் நானும் மட்டும்தான். சுற்றிலும் லாரிகள் நின்றன. நடுவில் என் டிரக், பெரிய கிளாஸ் பிள்ளைகளோடு நின்ற நர்சரிக் குழந்தை மாதிரி இருந்தது. வண்டியைத் தூக்கி, அதன் அடிச்சட்டத்துக்குக் கீழே தாங்கிகளை வைத்தான். நான்கு சக்கரமும் கழன்று போக, அச்சு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பழையதைக் கழற்றப் பாதி நாள், புதியதை மாட்டப் பாதி நாள்.

அந்தப் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டி தரையில் இறங்கும்போது ஒரு நட்டு கூட இறுக்காமல் இருக்கக் கூடாது. பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தர் ஒரு நட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, லாரி சக்கரமில்லாமல் சந்தைக்குள் போயிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு நட்டாக முழுப் பலத்தோடு இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாக அதன்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார்கள். எல்லாப் புள்ளியும் இருந்தால்தான் ஜாக்கியை இறக்கலாம்.

தம்பி அடியில் படுத்து இறுக்க, நான் பிரஷ்ஷும் டப்பாவுமாகக் குனிந்து புள்ளி வைத்தேன். அவன் "ம்" என்றால் நான் வைக்க வேண்டும். ஒரு பக்கம் அச்சு முழுக்கத் தொங்கலில் இருந்தது. மறு பக்கம் போல்ட் துளைக்குள் சரியாகப் போகவில்லை என்று அச்சுக்கு அடியில் சின்ன ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் தூக்கிக்கொண்டான். மொத்தம் முப்பத்திரண்டு நட்டு. நெற்றியில் பொட்டு வைப்பதைவிடக் கவனமாக வைத்தேன். கடைசிப் புள்ளி வைத்தபோது மனசுக்குள் இருந்த முடிச்சு ஒன்று அவிழ்ந்தது போலிருந்தது. முப்பத்திரண்டு இடத்தில் இறுக்கிய வண்டி எப்படிச் சாயும் என்று நினைத்தேன்.

சாயவில்லை. அதற்குப் பதிலாகத் துள்ளியது.

பட்டறை வாசலில் இருந்த சின்ன மேட்டில் ஏறியபோதே என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. பின்னால் இடது மூலை வலதைவிட ஒரு விரல் உயரமாக நின்றது. வளைவில் திருப்பினால் முதலில் திரும்பவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் திடீரென்று ஒத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய் விழும். பழைய வண்டி சாயும் என்றாலும் சொல்லிவிட்டுச் சாயும். இது சொல்லாமல் கொள்ளாமல் சாய்ந்தது.

"புது ஸ்பிரிங் அக்கா. செட்டாகணும். ஒரு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டு" என்றான் தம்பி.

ஓட்டினேன். ரயில்வே கேட் வழியாகத்தான் ஓட்டினேன். முந்நூறு முடிந்து நானூறும் ஆனது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். கேட்டைத் தாண்டி ஒரு சாதாரணத் திருப்பம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் கையை விட்டுத் திரும்புகிற இடம். அதில்கூட இரண்டாவது கியரில் ஊர்ந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே என்னைச் சபித்தார்.

மறுபடி தம்பியிடம் போனேன். அவன் அடியில் படுத்து, விளக்கடித்து, ஒவ்வொரு மஞ்சள் புள்ளியாகத் தொட்டு எண்ணினான். முப்பத்திரண்டும் அசையாமல் இருந்தன. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, கோச்சுக்காத. வண்டியில ஒண்ணும் இல்ல. நீ பயத்துல ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்கிற. மாமா சொன்னாரு, ரொம்ப நாளா ரவுண்டானா பக்கமே போறதில்லையாமே."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் அன்பாகச் சொன்னான். அதுதான் உயிரை எடுத்தது. புது ஸ்பிரிங், புது ஷாக், புதுத் தண்டு, முப்பத்திரண்டு புள்ளி. அத்தனையும் சரியென்றால் சரியில்லாதது யார்? கணக்குப் போட ஆள் தேவையில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இரண்டு நாள் கழித்து நானே வீட்டுக்காரரிடம், "ஒரு டிரைவர் வச்சுக்கலாங்க" என்றேன். அவர் அறுக்கும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாதிக் கோட்டில் கண்ணாடி அறுப்பதை நிறுத்தினால் அந்தக் கண்ணாடி வீண். பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"உனக்கு முடியலையா?"

"முடியல."

"சரி" என்றார். அந்தக் கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

வந்தவருக்குக் கடிகாரம் என்று பெயர். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பஸ் நிறுத்தத்துக்கு வரும் நேரத்தை வைத்து ஜனங்கள் வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம், அதனால் வந்த பெயர். சின்ன உருவம். தேய்த்த சட்டை. உட்காருவதற்குச் சொந்தமாக ஒரு குஷன் கொண்டு வந்திருந்தார். வண்டிக்குள் ஏறும் முன் கண்ணாடி கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார். அப்போதே இவரிடம் என் வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. என் குற்றம் சொல்லும் வாய்க்கு அவரிடம் ஒன்றும் அகப்படவில்லை.

சட்டத்தில் நாலு பழைய கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு, நான் பக்கத்துச் சீட்டில் உட்கார, சும்மா ஓட்டிக் காட்டக் கிளம்பினார். என்னைக் கேட்காமலே ரவுண்டானா பக்கம் திருப்பினார். அவருக்கென்ன, அது பஸ் போகிற வழி. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

தெருமுனை வரைக்கும் அவர் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். முதல் திருப்பத்தில் பேச்சு நின்றது. இரண்டாவது திருப்பத்தில் குஷனைச் சரி செய்துகொண்டார். ரவுண்டானாவுக்குள் நுழைந்தபோது வண்டி வழக்கம்போல முரண்டு பிடித்து, வழக்கம்போல ஒரேயடியாக விழுந்தது. அவர் "முருகா" என்றார். ஒரு சுற்று முடித்து ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் போய்க் குனிந்து இரண்டு மூலையையும் பார்த்தார். பிறகு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"இத இத்தனை நாளா யாரும்மா ஓட்டினது?"

"நான்தாங்க."

"இப்படி ஆன பிறகுமா?"

"மூணு வாரமா."

"கண்ணாடி எத்தனை உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல."

அவர் பின்னால் கட்டியிருந்த கண்ணாடிகளை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகச் சாவியை என் மடியில் வைத்தார்.

"அப்ப நீங்களே ஓட்டுங்க. எனக்கு ரெண்டு பேரப்பிள்ளைங்க இருக்கு."

நான் சிரிப்பதா என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"கேலி பண்றேன்னு நெனைக்காதீங்க. பஸ்ஸும்தான் சாயும். சாஞ்சா ஒரே சீரா சாயும், நாம புரிஞ்சுக்கிட்டு ஓட்டலாம். இது பாதி தூரம் வரைக்கும் ஏதோ ஒண்ணு பிடிச்சு இழுக்குது, அப்புறம் விட்டுடுது. வண்டி நிக்கிற இடத்துல நிக்க மாட்டேங்குது, வேற எங்கயோ போகப் பாக்குது. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ண டிப்போவுக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டிருப்பேன். நீங்க மூணு வாரம் கண்ணாடி ஏத்தி ஓட்டியிருக்கீங்க. உங்களுக்குப் போய் எதுக்கும்மா டிரைவர்?"

குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஏறச் சொன்னேன், வீட்டில் விடுகிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டு பஸ்ஸிலேயே போனார்.

முப்பது வருஷம் ஓட்டியவர் இந்த வண்டியை விட்டுத் தப்பித்து ஓடுகிறார். அதை நான் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. அதே வேகத்தில், அடக்கி வைத்திருந்த கோபம் மொத்தமும் வாய்க்குத் திரும்பி வந்தது. டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து வண்டியைத் திருப்பினேன். ரவுண்டானாவை இன்னொரு சுற்று வர வேண்டியிருந்தது. அது பிடித்து இழுத்தது, விட்டது, விழுந்தது. "இழு, இழு, உன்னை என்ன பண்றேன் பாரு" என்று வண்டியைத் திட்டிக்கொண்டே வந்து கடை வாசலில் நிறுத்தினேன்.

"வேலைக்கு வர்றாராமா?" என்றார் வீட்டுக்காரர்.

"வரல. வண்டிதான் சரியில்லையாம். நான் இல்லையாம். இறங்கி அடியில பாருங்க."

"எனக்கென்ன தெரியும் வண்டியப் பத்தி? கேட்டுல இடிக்கத்தான் தெரியும்."

"தெரிஞ்சவன் பாத்துட்டுத்தான் என்னைக் குத்தம் சொன்னான். தெரியாதவங்க ஒருத்தர் பாருங்க."

அட்டையை விரித்து அடியில் நகர்ந்தார். செருப்புக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. ரொம்ப நேரம் சத்தமில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், அவர் எங்கேயும் தூங்கக்கூடியவர்.

"இந்த ரப்பர் ஏன் முறுக்கிக்கிட்டு இருக்கு?" என்று குரல் வந்தது.

குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் பட்டையின் முனையில் வளையம் போல ஒரு இடம், அதற்குள் ரப்பர் புஷ், அதன் நடுவே போல்ட். போல்டின் முனை நட்டில் நான் வைத்த மஞ்சள் புள்ளி. ரப்பரின் முகத்தில் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடின, பிழிந்த துணியில் ஓடுவது போல. ஒரு இடத்தில் வெடிப்பு கண்டிருந்தது.

"கண்ணாடி ஓரத்தச் சுத்தி ரப்பர் பீடிங் போடறோம்ல" என்றார் அவர், படுத்தபடியே. "அத இழுத்துப் பிடிச்சு உள்ள வச்சா என்ன ஆகும்? அன்னைக்கு அழகா இருக்கும். நாலு நாள்ல சுருங்கித் தன்னோட இடத்துக்குத் திரும்பிப் போகப் பாக்கும், மூலையில இடைவெளி விழும். ரப்பரச் சும்மா இருக்கிற நிலைமையிலதான் வைக்கணும். இத முறுக்கின நிலைமையில பூட்டி வச்சிருக்காங்க. அதான் சதா இழுக்குது."

"அவன் முறுக்கலைங்க. நேராத்தான் வச்சான். நான் பக்கத்துலயே இருந்தேன்."

"அப்ப வண்டி எப்படி நின்னுது?"

"மேல தூக்கித் தொங்கிக்கிட்டு..." என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. தொங்கும்போது நேராக இருந்த ரப்பரை முழுப் பலத்தோடு இறுக்கியாயிற்று. பிறகு வண்டியைத் தரையில் இறக்கினோம். பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கியது, நடுவில் பூட்டிய ரப்பர் மட்டும் தொங்கிய நிலையையே பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வேறு வேறு உயரத்தில் இறுக்கியதால் இழுப்பும் வேறு வேறு. முப்பத்திரண்டு நட்டும் அசையாமல் இருந்ததுதான் வினையே.

தம்பியைப் போனில் கூப்பிட்டேன். என்ன பேசினேன் என்பதை எழுத முடியாது. பத்தாவது நிமிஷத்தில் பைக்கில் வந்து நின்றான்.

"அக்கா, நட்ட லூசா விட்டு வண்டிய இறக்கறது எங்க பட்டறையில கெடையவே கெடையாது" என்று ஆரம்பித்தான். ரப்பரைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது. வெடிப்பை விரலால் தடவினான். "லாரியில ரப்பர் இல்ல அக்கா. எல்லாம் இரும்பு, நடுவுல கிரீஸ். எங்க இறுக்கினாலும் அது பாட்டுக்குச் சுத்தும். இதுல ரப்பர். இத நான் யோசிக்கவே இல்ல."

"நீ யோசிக்கல. அப்புறம் என்னைப் பாத்து என்ன சொன்ன?"

அவன் ஸ்பானரை எடுக்கக் குனிந்தான். வீட்டுக்காரர் நடுவில் வந்து, "விடு, பையன் வெலவெலத்துப் போயிட்டான்" என்றார். பையனுக்கு நாற்பது வயது.

வண்டி தரையில் நான்கு காலில் நிற்க, நாங்கள் வழக்கமாக ஏற்றுகிற அளவுக்குக் கண்ணாடியையும் ஏற்றி நிறுத்த, அவன் அடியில் போய் முதல் நட்டைத் தளர்த்தினான். ஸ்பானர் பாதித் திருப்பு திரும்பியிருக்கும். உள்ளே "கிர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டு, இடது மூலை எங்கள் கண் முன்னாலேயே ஒரு விரல் இறங்கியது. யாரும் தொடவில்லை. நாள் முழுக்க நின்று களைத்த ஆள் உட்காருவது போல, வண்டி தானாக உட்கார்ந்தது. நான் வாய்விட்டு "அப்பாடா" என்றேன். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அடியில் இருந்தவனும் சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது.

ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். வெடித்த இரண்டு புஷ்ஷுக்குப் பார்ட்ஸ் கடையிலிருந்து வேறு வாங்கிவந்து, ஜாக்கியில் தூக்கி மாற்றி, வண்டியைத் திரும்ப இறக்கினான். வண்டியை முன்னும் பின்னும் நாலடி நகர்த்தி, மூன்று பேரும் பின்னால் ஏறிக் குதித்து, அது எங்கே நிற்கப் பிரியப்படுகிறதோ அங்கே நிற்க விட்டோம். அதற்குப் பிறகுதான் இறுக்கினான். இறுக்கி முடித்ததும் பெயிண்ட் டப்பாவை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

"நீயே வை. நான் வச்சு என்னத்தக் கண்டேன்."

அவன் பழைய புள்ளிகளின் மேல் புதுப் புள்ளி வைத்தான். கிளம்பும்போது பைக்கில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டினான். "மீசைய எடுத்துடட்டுமாக்கா?" என்றான் கடைசியாக. அழுதுவிடுவான் போலிருந்தது. "எடுத்தா சகிக்காது, போடா" என்றேன். அதற்குமேல் அவனிடம் கோபப்பட என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு ஆறு ஜன்னல் கண்ணாடி போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் அவருக்காகத் தைரியமாக இருப்பேன், அது எனக்குத் தேவைப்படவில்லை. தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ரவுண்டானாவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். திருப்பினேன். வண்டி கொஞ்சம் சாய்ந்தது. அவ்வளவு போதும் என்பது போல அங்கேயே நின்றது. மேற்கொண்டு சாயவுமில்லை, முரண்டு பிடிக்கவுமில்லை. ஸ்டியரிங்கில் எவ்வளவு கேட்டேனோ அவ்வளவு கொடுத்தது. பின்னால் கண்ணாடிகள் சத்தமே போடவில்லை. நான் போக வேண்டிய வழி வந்தது, போகவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினேன், கொஞ்சம் வேகமாக. பிறகு இன்னொன்று.

சுற்றும்போது அந்தச் செவ்வாய்க்கிழமையையும் நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன். ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ஸ்கூட்டர்காரன் குறுக்கே வந்தான். மூன்று பேர் பங்கு அது. என் பங்கை ஒத்துக்கொள்கிறேன், அதற்கென்று மற்ற இரண்டு பங்கையும் நானே தூக்கிச் சுமந்துகொண்டு கேட்டைச் சுற்றியிருக்க வேண்டியதில்லை. நாலாவது சுற்றில் நடுவில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வழி தெரியலையாம்மா?"

"தெரியும் சார். சும்மா சுத்தறேன்."

அவர் என்னைப் பார்த்தார், கண்ணாடிகளைப் பார்த்தார், "போங்க போங்க" என்று கையை ஆட்டினார்.

கட்டடத்தில் யாரும் என்னை அந்த நேரத்துக்கு எதிர்பார்க்கவில்லை. கொத்தனார் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பழைய பழக்கம், நான் ஓட்ட ஆரம்பித்த வருஷத்திலிருந்து பல கட்டடங்களில் என்னிடம் கண்ணாடி வாங்கி இறக்கியவர். எஞ்சினை நிறுத்தினேன். இறங்க வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. பாத்ரூமில் அழுத மாதிரி இல்லை. முகம் சிரித்துக்கொண்டிருக்க, கண் தன்பாட்டுக்குக் கொட்டியது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார். "என்னம்மா, கண்ணாடி உடைஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. ஆறும் முழுசா இருக்கு."

"வீட்ல ஏதாவது..."

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்புறம் ஏன் அழுறீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லத் தோன்றியது, ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ரப்பர், நட்டு, கடிகாரம், பஸ் என்று ஆரம்பித்தால் அவர் வேலை கெடும்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்ணே" என்றேன்.

கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தெரியாமயா பதினெட்டு வருஷமா கொண்டுவந்து இறக்குறீங்க? இறங்குங்கம்மா, வெயில் ஏறுறதுக்குள்ள உள்ள கொண்டுபோயிடலாம்" என்று சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்க்க வண்டியின் பின்பக்கம் போனார்.